யார் படிப்பார்கள் என்ற கேள்வி: நிறவெறிக்காலத் தென்னாப்பிரிக்காவில் வர்க்கமும் இலக்கியமும்

தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ஜே. எம். கூட்ஸியின் ‘வெயிட்டிங் ஃபார் தி பார்பேரியன்ஸ்’ நாவல் 1980இல் வெளிவந்தபோது தென்னாப்பிரிக்கத் தணிக்கைத் துறை அதை ஆராய்ந்தது. பெயரில்லாத ஒரு பேரரசு, எல்லைப்புற மக்களைப் பிடித்து வந்து சித்திரவதை செய்யும் கதை அது. உள்நாட்டு வாசகருக்கு எந்த அரசு நினைவுக்கு வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் தடை வரவில்லை. நூலுக்கு இலக்கியத் தரம் உண்டு, ஆனால் அது பெருவாரியான மக்களைக் கவராது, படித்த அறிவாளிகளின் வட்டத்தைத் தாண்டாது என்று தணிக்கையாளர் அறிக்கை எழுதினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1978 மார்ச்சில், ஜோஹன்னஸ்பர்கின் ராவன் பதிப்பகம் ‘ஸ்டாஃப்ரைடர்’ என்ற மலிவு விலை இலக்கிய இதழைத் தொடங்கியிருந்தது. கறுப்பினக் குடியிருப்புகளில் இயங்கிய எழுத்துக் குழுக்களின் கதைகளும் கவிதைகளும் அதில் அச்சாகின. முதல் இதழே தடை செய்யப்பட்டது.

இந்த இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நூல் என்ன சொல்கிறது என்பதோடு, எந்த வர்க்கத்தின் கைக்குப் போகும் என்பதையும் அந்த அரசு எடை போட்டது. நிறவெறிக்கால இலக்கியத்தைப் பற்றிப் பேசும்போது கறுப்பு, வெள்ளை என்ற பிரிவோடு நாம் நின்றுவிடுகிறோம். தணிக்கையாளர்கள் நின்றுவிடவில்லை. எழுதியவர் எந்த வர்க்கம், படிப்பவர் எந்த வர்க்கம், எழுத நேரமும் இடமும் யாருக்குக் கிடைத்தது என்ற கேள்விகள் இல்லாமல் அந்தக் காலத்தின் இலக்கியத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் கூலியைப் பார்த்துவிடுவோம். 1913ஆம் ஆண்டின் நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை ஒதுக்கியது. 1936இல் அது 13 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அந்தப் பகுதிகளில் உழுது பிழைக்க முடியாத ஆண்கள் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் வந்தார்கள். லெசோத்தோ, மொசாம்பிக், மலாவி ஆகிய நாடுகளிலிருந்தும் வந்தார்கள். மனைவி மக்களை அழைத்துவர அனுமதி இல்லை. ஆண்கள் விடுதியில்தான் தங்க வேண்டும். பாஸ் புத்தகம் என்ற நடமாட்ட அனுமதி ஆவணம் இல்லாமல் தெருவில் நடக்க முடியாது. 1963இல் காவல் கொட்டடியிலிருந்து தப்பி நாட்டை விட்டு வெளியேறிய சமூகவியலாளர் ஹெரால்ட் வோல்ப், 1972இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் இதன் கணக்கை விளக்கினார். குழந்தைகளை வளர்ப்பது, நோயாளியைப் பார்த்துக்கொள்வது, முதியவருக்குச் சோறு போடுவது எல்லாம் ஊரில் இருக்கும் குடும்பத்தின் தலையில் விழுகின்றன. ஆகவே முதலாளி ஒரு தனி ஆளின் வயிற்றுக்குப் போதுமான கூலியைக் கொடுத்தால் போதும். ஊரின் நிலம் வறண்டு அந்தக் குடும்பத்தால் தாங்க முடியாமல் போனபோது, அதே மலிவுக் கூலியை வன்முறையால் நிலைநிறுத்தும் ஏற்பாடாக நிறவெறி ஆட்சி வந்தது என்பது அவர் முடிவு. அதே ஆண்டில் பொருளியலாளர் ஃபிரான்சிஸ் வில்சன் வெளியிட்ட ஆய்வு இன்னொரு உண்மையைக் காட்டியது. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளியின் உண்மைக் கூலி 1911இல் இருந்ததைவிட 1969இல் உயர்ந்திருக்கவில்லை.

இந்தத் தொழிலாளியைப் பற்றி முதலில் எழுதியவர்கள் தொழிலாளிகள் அல்லர். மிஷன் பள்ளிகளில் படித்து ஆசிரியராகவும் குமாஸ்தாவாகவும் ஆன ஒரு சிறு பிரிவு கறுப்பினச் சமூகத்துக்குள் உருவாகியிருந்தது. ஜுலு மொழிக் கவிஞர் பெனடிக்ட் வாலட் விலகாசி அந்தப் பிரிவைச் சேர்ந்தவர். விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். சுரங்கத் தொழிலாளி இயந்திரங்களோடு பேசுவதாக அவர் எழுதிய கவிதை 1945இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. பீட்டர் ஆபிரகாம்ஸின் ‘மைன் பாய்’ நாவல் 1946இல் லண்டனில் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் எழுபதாயிரம் அளவிலான சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, போலீஸ் தடியாலும் துப்பாக்கியாலும் அடக்கப்பட்டார்கள். இந்த எழுத்துகளில் இருக்கும் பரிவு உண்மையானது. ஆனால் தொழிலாளி இங்கே பேசப்படுகிறவர், பேசுகிறவர் வேறொருவர்.

1950களில் மேடை ஜோஹன்னஸ்பர்குக்கு மாறியது. 1951இல் தொடங்கிய ‘டிரம்’ இதழில் ஹென்றி இங்சுமாலோ, கேன் தெம்பா, டாட் மட்ஷிகிசா, புளோக் மொடிசானே, லூயிஸ் இங்கோசி, நாட் நகாசா என்று ஒரு தலைமுறையே எழுதியது. பெத்தல் பகுதியின் உருளைக்கிழங்குப் பண்ணைகளில் கூலிகள் அடிமைகளைப் போல நடத்தப்பட்டதை 1952இல் இங்சுமாலோ வெளியே கொண்டுவந்தார். சிறையின் உள்ளே நடப்பதை எழுதுவதற்காக வேண்டுமென்றே பாஸ் குற்றத்தில் கைதாகிச் சிறைக்குப் போனார். 1956இன் கடைசியில் இன்னொரு செய்தியைத் துப்பறிந்துகொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். பத்திரிகைத் தொழிலில் இதைவிடத் துணிச்சல் வேறெங்கும் கண்டதில்லை என்றே சொல்வேன்.

இந்த எழுத்தாளர்களின் உலகம் சோபியாடவுன். கறுப்பினத்தவர் நிலத்தைச் சொந்தமாக வாங்க முடிந்த சில நகர்ப்பகுதிகளில் அதுவும் ஒன்று. ஜாஸ், திருட்டுச் சாராயக் கடை, ரவுடிக் கும்பல், ஆங்கிலக் கவிதை எல்லாம் கலந்து புழங்கிய இடம். 1955 பிப்ரவரி 9ஆம் தேதி போலீஸ் படையோடு லாரிகள் வந்து மக்களை மெடோலாண்ட்ஸுக்கு ஏற்றிச் செல்லத் தொடங்கின. இடிக்கப்பட்ட இடத்தில் வெள்ளையருக்காக எழுந்த குடியிருப்புக்கு டிரையோம்ஃப், அதாவது வெற்றி, என்று பெயர் வைத்தார்கள். ‘டிரம்’ எழுத்தாளர்கள் அந்த இழப்பை எழுதி எழுதித் தீராமல் எழுதினார்கள். அவர்களைப் படிக்கும்போது எனக்கு ஒரு குறை தெரிகிறது. சோபியாடவுனில் வீட்டுக்காரர்கள் சிலர், குடியிருந்தவர்கள் பலர். ஒரே முற்றத்தில் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாடகை கொடுத்து வாழ்ந்தன. தனி வீடு கிடைக்கும் என்பதால் மெடோலாண்ட்ஸுக்குப் போகத் தயங்காத வாடகைதாரர்களும் இருந்தார்கள். எதிர்ப்பு இயக்கம் எதிர்பார்த்த அளவு வலுப்பெறாததற்கு இதையும் ஒரு காரணமாக வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்த வாடகைதாரரின் குரல் ‘டிரம்’ இலக்கியத்தில் மிகக் குறைவு. சொந்த நிலமும் நகரப் பண்பாடும் பறிபோன நடுத்தரப் பிரிவின் துயரம் நிறைய. துயரம் பொய்யல்ல. ஆனால் அது எல்லோருடைய துயரமும் அல்ல.

சிறுகதையும் நேரடி அனுபவக் கட்டுரையும் தன்வரலாறும்தான் அவர்கள் கையில் செழித்தன. நாவல் அரிதாகவே வந்தது. பகலெல்லாம் வேலை, இரவில் விளக்கும் தனியறையும் இல்லாத வீடு, எந்த நேரமும் போலீஸ் சோதனை என்ற வாழ்க்கையில் நாவலுக்கு வேண்டிய தொடர்ச்சி கிடைக்காது. ‘டவுன் செகண்ட் அவென்யூ’ என்ற தன்வரலாற்றை 1959இல் வெளியிட்ட எஸ்கியா ம்பாலேலே, கறுப்பினத்தவருக்கென அரசு தனியே கொண்டுவந்த பாண்டு கல்வித் திட்டத்தை எதிர்த்ததால் ஆசிரியர் வேலையை இழந்தவர். 1957இல் நைஜீரியாவுக்குப் போனார். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். திரும்பி வர முடியாது என்ற நிபந்தனையோடு வெளியேறும் அனுமதி மட்டும் பெற்றுப் போன நகாசா 1965இல் நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். 1966இல் அரசிதழில் வந்த அறிவிப்பால், வெளிநாட்டிலிருந்த எழுத்தாளர்களின் ஒரு வரியைக்கூட நாட்டுக்குள் மேற்கோள் காட்டுவது குற்றமாயிற்று. ஒரு தலைமுறையின் எழுத்து முழுவதும் அதற்கு அடுத்த தலைமுறைக்குக் கிடைக்காமல் போனது இப்படித்தான்.

வர்க்கத்தைத் தெரிந்தே எழுதியவர் கேப் டவுனைச் சேர்ந்த அலெக்ஸ் லா குமா. தந்தை ஜிம்மி லா குமா கம்யூனிஸ்ட் இயக்கத்தின் முன்னோடி. மகனும் கட்சிக்காரர், தகரப் பெட்டி ஆலையில் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டதற்காக வேலை இழந்தவர், 1956இல் தொடங்கிய தேசத்துரோக வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 156 பேரில் ஒருவர். 1962இல் நைஜீரியாவின் இபாதானில் அச்சான அவருடைய ‘எ வாக் இன் தி நைட்’ குறுநாவல், கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியில் ஒரே இரவில் நடக்கிறது. மைக்கேல் அடோனிஸ் என்ற கலப்பினத் தொழிலாளி வெள்ளை மேஸ்திரியிடம் எதிர்த்துப் பேசியதால் அன்றுதான் வேலையை விட்டுத் துரத்தப்பட்டிருக்கிறான். அவன் கோபம் மேஸ்திரியை எட்ட முடியாது. அதே இடிந்த கட்டடத்தில் குடியிருக்கும், குடித்துக் குடித்துச் சீரழிந்த ஒரு வயதான வெள்ளையர் மேல் அது பாய்கிறது. கொலைப் பழி வில்லிபாய் என்ற இன்னொருவன் மேல் விழ, அவனைப் போலீஸ்காரன் சுடுகிறான். அடோனிஸ் ரவுடிக் கும்பலில் சேர்கிறான்.

இந்தக் கதையின் நுட்பம், செத்த வெள்ளையரை எங்கே வைத்திருக்கிறது என்பதில் இருக்கிறது. அவர் ஆளும் இனத்தைச் சேர்ந்தவர்; ஆனால் அந்த இனத்தால் தூக்கி எறியப்பட்டவர். நிறத்தின் மேல் பாய்ந்த கோபம் வர்க்கத்தில் தன்னருகே நின்ற ஒருவரைக் கொல்கிறது. வேலையில் இருந்தவன் உதிரியாகிப் போவதற்கு ஓர் இரவு போதும் என்பதை எந்தப் பிரசங்கமும் இல்லாமல் லா குமா சொல்லிவிடுகிறார். பத்து ஆண்டுகள் கழித்து வந்த ‘இன் தி ஃபாக் ஆஃப் தி சீசன்ஸ் எண்ட்’ நாவலில் தலைமறைவுப் போராளி பியூக்ஸ் இரவுக்கு இடம் தேடி அலைகிறான். வாய்ப்பேச்சில் ஆதரவு காட்டும் வசதியான நண்பன் பயந்து கதவை அடைக்கிறான். கறுப்பினச் சமூகத்துக்குள் யார் எவ்வளவு தூரம் கூட வருவார்கள் என்பதை இத்தனை நேர்மையாக அளந்த படைப்பு அந்தக் காலத்தில் வேறில்லை என்பது என் மதிப்பீடு. வீட்டுக்காவலில் வைக்கப்பட்ட லா குமா 1966இல் வெளியேறினார். 1985இல் ஹவானாவில் இறந்தார். அவர் யாரைப் பற்றி எழுதினாரோ அந்த மக்களால் அவருடைய நூல்களைச் சட்டப்படி படிக்க முடியவில்லை.

வெள்ளையருக்குள்ளும் வர்க்கம் இருந்தது. 1922இல் சுரங்க முதலாளிகளை எதிர்த்து எழுந்த வெள்ளைத் தொழிலாளர்கள், உலகத் தொழிலாளர் ஒற்றுமையையும் வெள்ளைத் தென்னாப்பிரிக்காவையும் ஒரே கொடியில் எழுதிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அந்த வறிய வெள்ளையரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதுதான் நிறவெறி ஆட்சியின் தேர்தல் பலம். மார்லீன் வான் நீகெர்க்கின் ஆஃப்ரிகான்ஸ் நாவல் ‘டிரையோம்ஃப்’, சோபியாடவுனின் இடிபாட்டின் மேல் கட்டிய வீட்டில் வாழும் ஒரு வறிய வெள்ளைக் குடும்பத்தின் கதை. வாக்குரிமை தவிர வேறெதையும் அந்த அரசு அவர்களுக்குத் தரவில்லை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அது வெளிவந்தது 1994இல்.

எல்லைக்கு அப்பால் போட்ஸ்வானாவில், 1964இல் திரும்ப முடியாத அனுமதியோடு போய்க் குடியேறிய பெஸ்ஸி ஹெட், இன்னொரு உண்மையைத் தொட்டார். 1971இல் வந்த ‘மரு’ நாவலில், மசார்வா என்று இழிவாக அழைக்கப்பட்ட மக்களில் பிறந்த ஒரு பெண் ஆசிரியையாக வருகிறாள். அவளை ஒடுக்குபவர்கள் கறுப்பர்களே. அந்த மக்களை அடிமைகளாக வைத்து மாடு மேய்க்கவிட்ட வழக்கம் அங்கே இருந்தது. நிறவெறியிலிருந்து தப்பி வந்தவர் எழுதியது என்பதால் அந்த நூலுக்குக் கூடுதல் கனம்.

மிரியம் ட்லாலியின் ‘மியூரியல் அட் மெட்ரோபாலிட்டன்’ நூலைத் தமிழ் வாசகர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவிலேயே வெளியான, கறுப்பினப் பெண் எழுதிய முதல் ஆங்கில நாவல் அது. ராவன் பதிப்பகம் 1975இல், சில பகுதிகளை நீக்கி, வெளியிட்டது. தவணைக்கு ரேடியோவும் நாற்காலியும் விற்கும் கடையில் மியூரியல் குமாஸ்தா. தவணை கட்டாத கறுப்பின வாடிக்கையாளர்களுக்கு மிரட்டல் கடிதம் எழுதுவது அவள் வேலை. கடன் கேட்டு வருபவரிடம் பாஸ் புத்தகத்தைக் காட்டச் சொல்வதும் அவள்தான். வெள்ளைப் பெண் ஊழியர்கள் அவளோடு ஒரே இடத்தில் உட்கார மாட்டார்கள். வாடிக்கையாளர்கள் அவளைக் கடைக்காரரின் ஆள் என்று பார்ப்பார்கள். போராட்டக் காட்சி ஒன்றும் இல்லாத நாவல். கணக்குப் புத்தகத்தின் பக்கங்களிலேயே சுரண்டலின் முழு இயந்திரமும் தெரிகிறது. கடைசியில் அவள் வேலையை விடுகிறாள். 1979இல் நூல் தடை செய்யப்பட்டது.

இதற்குள் டர்பனில் வேறொன்று நடந்திருந்தது. 1973 ஜனவரி 9ஆம் தேதி காரனேஷன் செங்கல் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வெளியே வந்தார்கள். மூன்று மாதத்துக்குள் 60,000க்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆப்பிரிக்கரோடு இந்திய வம்சாவளித் தொழிலாளர்களும் இருந்தார்கள். தலைவர்கள் யார் என்று நிர்வாகம் கேட்டபோது யாரும் முன்வரவில்லை. முன்வந்தவர் வேலை இழப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அலையிலிருந்து புதிய தொழிற்சங்கங்கள் பிறந்தன; 1979இல் ஃபொசாட்டு என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு உருவாயிற்று.

டர்பன் நம்மவர்கள் 1860 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய் இறங்கிய ஊர். 1911 வரை சுமார் 1,52,000 பேர் போனார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார்கள். அவர்களின் வழிவந்த ரோனி கவுண்டர் எழுதிய ‘தி லானீஸ் பிளெஷர்’ நாடகம் சர்க்கரை ஆலைப் பகுதியின் மதுக்கடை ஒன்றில் நடக்கிறது. வெள்ளை முதலாளியின் முன் குனிந்தே பழகிய இந்தியத் தொழிலாளியின் பேச்சுமொழி அப்படியே மேடையேறியது. கொத்தனாராக வேலை பார்த்த கெஸ்ஸி கவுண்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய ‘வொர்க்கிங் கிளாஸ் ஹீரோ’, கட்டுமான இடத்தில் இந்தியர்கள் ஆப்பிரிக்கத் தொழிலாளியை எப்படி நடத்துகிறார்கள் என்பதைத் தம் சொந்தச் சமூகத்தின் முகத்துக்கு நேரே காட்டிய நாடகம். கறுப்புப் பிரக்ஞை இயக்கத்தின் ஒன்பது பேர் மீது நடந்த வழக்கில், டர்பனின் சாத்ஸ் கூப்பரும் ஸ்ட்ரினி மூட்லியும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அவர்கள் இயக்கம் அரங்கேற்றிய நாடகங்களும் கவிதைகளும் அரசுத் தரப்பின் சான்றுகளாக வைக்கப்பட்டன. 1976 டிசம்பரில் தண்டனை பெற்று ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள்.

தொழிலாளி தானே பேசத் தொடங்கியது 1980களில். 1980இல் வேலைநீக்கம் செய்யப்பட்ட வார்ப்பாலைத் தொழிலாளர்கள், வழக்கறிஞருக்கு நடந்ததை விளக்குவதற்காக அதை நடித்துக் காட்டப்போய், அதுவே ஒரு நாடகமாக வளர்ந்தது. 1985இல் ஹாவிக் ஊரின் சார்ம்கோல் ரப்பர் ஆலை தன் தொழிலாளர்களை மொத்தமாக வெளியேற்றியது. அவர்கள் கூட்டுறவு அமைத்துத் தங்கள் போராட்டத்தையே ‘தி லாங் மார்ச்’ என்று நாடகமாக்கி ஊர் ஊராகப் போட்டார்கள்.

இந்த இயக்கத்தின் மையத்தில் நிற்பவர் ஆல்ஃபிரட் டெம்பா கபுலா. கறுப்பினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட நிலப்பகுதிகளில் ஒன்றான பொண்டோலாந்தின் ஃபிளாக்ஸ்டாஃபில் 1942இல் பிறந்தவர். 1960இல் பொண்டோலாந்து விவசாயிகள் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து, மலைகளிலும் காடுகளிலும் மறைந்திருந்ததை இளம் வயதில் கண்டவர். கட்டுமான வேலைக்குப் போய், பிறகு டர்பன் வந்து, 1974 முதல் டன்லப் டயர் ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். வண்டியை ஓட்டிக்கொண்டே மனத்துக்குள் கவிதை கட்டுவார். மன்னர்களைப் புகழ்ந்து பாடும் இசிபொங்கோ என்ற பழைய வடிவத்தை எடுத்து, 1984இல் மன்னருக்குப் பதிலாகத் தன் தொழிற்சங்கத்தைப் பாடினார். அந்தப் பாடலில் சங்கம் நகரும் காடாக வருகிறது. வேட்டையாடப்படும் தொழிலாளர்கள் அதற்குள் ஒளிந்து அச்சம் நீங்கி வெளியே வருகிறார்கள். குஞ்சுகளைச் சிறகுக்குள் காக்கும் கோழியாகவும் வருகிறது. பொண்டோலாந்தின் காட்டை ஆலைக்குள் கொண்டுவந்து நட்டவர் கபுலா என்றே நான் வாசிக்கிறேன். வோல்பின் கட்டுரை சொன்ன ஊரும் ஆலையும் ஒரே மனிதரின் நினைவில் ஒன்றாகி, கவிதையாக வெளிப்படுகின்றன. அதைக் கேட்டவர்கள் பேரணித் திடலில் நின்ற ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். படிக்கத் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். கபுலா, மி லாட்ஷ்வாயோ, நீசே மலாங்கே ஆகிய மூவரின் கவிதைகளை ‘பிளாக் மாம்பா ரைசிங்’ என்ற தொகுப்பாக அரி சிடாஸ் 1986இல் பதிப்பித்தார்.

முழக்கத்தைக் கவிதை என்று சொல்லலாமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. எழுத்தாளர் இஞ்சபுலோ இந்தெபெலே 1984இல் ஆற்றிய உரையில், கறுப்பின எழுத்து ஒடுக்குமுறையின் பகட்டான காட்சிகளையே திரும்பத் திரும்பக் காட்டி, சாதாரண மனிதரின் உள்வாழ்வைத் தவறவிடுகிறது என்றார். குண்டுவெடிப்பில் ஒரு கையை இழந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி ஆல்பி சாக்ஸ் 1989இல், பண்பாடு ஒரு போராட்ட ஆயுதம் என்று சொல்வதையே சில காலம் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தன் இயக்கத் தோழர்களிடம் கேட்டுக்கொண்டார். இருவர் சொன்னதும் சரியான எச்சரிக்கை. ஆனால் அது பொருந்துவது, வெள்ளை வாசகரின் மனச்சாட்சியை நோக்கிக் கண்ணீரோடு எழுதப்பட்ட நடுத்தர வர்க்கப் புனைவுகளுக்கே. கபுலா யார் மனச்சாட்சியையும் கெஞ்சவில்லை. அவர் பேசியது தன்னோடு எட்டு மணி நேரம் டயர் அடுக்கியவரிடம். இந்தெபெலே தேடிய சாதாரண வாழ்க்கை அங்கே இருந்தது. அது வேறு மேடையில் இருந்ததால் விமர்சகர்களின் கண்ணுக்குப் பட நாளாயிற்று.

1991இல் எழுத்தாளர் நடின் கார்டிமருக்கும் 2003இல் கூட்ஸிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தகுதியுள்ளவர்களுக்கே கிடைத்தது. ஆனால் அந்த நாட்டின் இலக்கியம் என்று உலகம் அறிந்திருப்பது பெரும்பாலும் இந்தப் பெயர்களைத்தான். கபுலாவின் தன்வரலாற்றை 1989இல் வெளியிட்டது உலோகத் தொழிலாளர் சங்கம். பக்கவாதத்தால் முடங்கி அவர் 2002இல் இறந்தார்.

நிறவெறி ஆட்சி 1994இல் சட்டப்படி முடிந்தது. சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் முதல் பொதுச் செயலாளரான சிரில் ராமபோசா பின்னர் பெருந்தொழிலதிபரானார். லோன்மின் சுரங்க நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலும் இருந்தார். 2012 ஆகஸ்ட் 16ஆம் தேதி, கூலி உயர்வு கேட்டு அந்த நிறுவனத்தின் மரிகானா சுரங்கத்தருகே குன்றில் கூடியிருந்த தொழிலாளர்களில் 34 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் பலர் கபுலா பிறந்த பொண்டோலாந்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள்.